எட்டாவது வரி

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அஜ்மல் என்றொருவன் பிலிப்பைத் தேடி அலோனுக்கு வந்தான். துறைமுகக் கிடங்குகளுக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் பிலிப் தனியாக உட்கார்ந்திருந்தான். வந்தவன் கேட்காமலே குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கோ பிலிப்தானே?" பர்மிய வழக்கப்படி, பெயருக்கு முன்னால் அண்ணன் என்று மரியாதை வைத்துக் கேட்டான்.

பிலிப் தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். பெயர் கேட்டு வருகிறவர்களை இந்த ஊரில் இப்போது யாரும் நம்புவதில்லை. வார்டு அலுவலகத்தில் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் பட்டியல் இருக்கிறது. அதன் வயது வரம்பு முப்பத்தைந்து. பிலிப்புக்கு முப்பத்து நாலு.

"பயப்படாதீங்க. லத்தாவில எங்க வாப்பாவுக்குக் குடைக்கடை. ஓங்க மாமனாரு சிங்கராயர் அங்கதான் குடைக்குக் கம்பி மாத்துவாரு. நான் தலான் இல்ல."

தலான் என்றால் காட்டிக்கொடுக்கிறவன். பர்மியச் சொல்தான், ஆனால் தமிழ் வீடுகளிலும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

"எந்தத் தலானும் நான் தலான்னு சொல்லிக்கிட்டு வரமாட்டான்" என்றான் பிலிப்.

"அதுவும் சரிதான்." அஜ்மல் சிரித்தான். பிலிப் சிரிக்கவில்லை. அஜ்மல் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, மேசையின் ஈரத்தை முழங்கையால் துடைத்துவிட்டு வைத்தான்.

பழைய படத்தின் நகல். குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மூக்குக்குக் கீழே எட்டு இளைஞர்கள். நாலு பேர் நின்றுகொண்டு, நாலு பேர் குந்திக்கொண்டு. ஒருவன் தொப்பியை அடுத்தவன் தலையில் மாட்டிவிட்டு எங்கோ பார்க்கிறான். எல்லாருக்கும் பிலிப்பைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

"இவங்கள்ல ஏழு பேரு இப்ப தவுக்ஜான் போர்க் கல்லறையில ஒரே குழியில இருக்காங்க. பிரிச்சு எடுக்க முடியாத மாதிரி சேர்ந்து கெடந்தா, அந்த விமானத்து ஆளுங்களைச் சேர்த்தே அடக்கம் பண்ணுவாங்க. எட்டாவது ஆளுக்குக் கல்லும் இல்ல, குழியும் இல்ல. இவன். வால்ல உக்காந்து சுடுறவன். ஹாலவே." தொப்பி இல்லாதவனைத் தொட்டுக் காட்டினான். "அவனோட தங்கச்சி பேத்தி எனக்கு எழுதுறா. நான் இந்த மாதிரி விழுந்த விமானங்களைத் தேடுறவன். வேற கெட்ட பழக்கம் இல்ல."

"எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

"எங்க கடையில வேலை பாக்குற ரூபி அக்கா இன்சீன்ல ஓங்க கோவிலுக்குத்தான் போறாங்க. நவம்பர் மாசம் செத்தவங்க பேரை வாசிப்பீங்கல்ல. ஓங்க மாமனார் வீட்டுப் பட்டியல்ல ஏழு வெள்ளைக்காரன் பேரு வருதுன்னு சொன்னாங்க. அந்த ஏழும் இந்த ஏழுதான். பட்டாளத்துக்காரங்க பேரு ஓங்க மாமனாரோட அப்பாவுக்கு, ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு, எப்படிக் கெடச்சுது? கெடச்சவருக்கு எட்டாவது பேரு மட்டும் ஏன் கெடைக்கல?"

பிலிப்புக்கு அந்தப் பட்டியல் தெரியும். ரோஸ்லினைக் கட்டியதிலிருந்து மூன்று நவம்பர் பார்த்திருக்கிறான். வீட்டுக்கொரு பட்டியல், அந்த வீட்டில் மரித்தவர்கள் எல்லாருடைய பெயரும் அதில். வருடா வருடம் புதிய தாளில் படியெடுத்து உறையில் போட்டுக் கோவிலில் கொடுப்பார்கள். மாதம் முழுக்க அந்தப் பெயர்களுக்காகப் பூசை. சிங்கராயர் வீட்டுப் பட்டியலில் நாற்பத்து மூன்று குடும்பப் பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு ஏழு வெள்ளைக்காரர்கள். அதற்கும் கீழே எட்டு என்ற எண் மட்டும். எதிரே ஒன்றும் இருக்காது. உபதேசியார் வாசிக்கும்போது "எட்டு" என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த வீட்டுக்குப் போவார்.

கடந்த மூன்று வருடமும் படியெடுத்தவள் ரோஸ்லின். எட்டாவது யார் என்று பிலிப் ஒருமுறை கேட்டான். "தாத்தா புதைச்ச வெள்ளைக்காரங்க. அதுக்கு மேல அப்பாகிட்ட கேளு. அப்பா சொல்லமாட்டாரு" என்றாள்.

அஜ்மல் இன்னொரு தாளை நகர்த்தினான். போர் முடிந்த பின், காணாமல் போனவர்களைத் தேடிவந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் தட்டச்சு செய்த அறிக்கை. பிலிப் ஆங்கிலம் படித்தவன். அதை இரண்டு தடவை படித்தான். இன்சீன் ரயில்வே பட்டறைக் குமாஸ்தா அருளப்பன் என்பவர் குழியைக் காட்டினார். ஏழு உடல்கள். எட்டாவது உடலும் அங்கேயே எரிந்துபோயிருக்க வேண்டும் என்று கையெழுத்திடச் சொன்னபோது மறுத்தார். எட்டாமவரை இவரே ஜப்பானியரிடம் ஒப்படைத்தார் என்று பட்டறையில் பேச்சு இருக்கிறது. நம்பத்தகுந்தவரல்ல.

"ஏழு பேரைப் புதைச்சவரு எட்டாவது ஆளை என்ன பண்ணினாரு?" என்றான் அஜ்மல். "நான் யாரையும் தூக்குல போட வரல. செத்து எண்பது வருஷம் ஆச்சு. அவனோட தங்கச்சி இன்னும் உசுரோட இருக்கா, அந்தக் கெழவிக்குத் தெரிஞ்சா போதும். இல்லாட்டி அவன் பேரையும் சேர்த்து எழுதிடுங்க. அதுலேயே அவளுக்கு நிம்மதி."

எழுந்தவன் ஏதோ ஞாபகம் வந்து நின்றான். "விமானம் ஓட்டினவன் அவங்க அம்மாவுக்கு எழுதின கடுதாசி ஒண்ணு இருக்கு. மேல போனதும் கால் மணிக்கு ஒருதடவை ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எண்ணுவாங்களாம். இருட்டுல ஒருத்தன் மொகம் ஒருத்தனுக்குத் தெரியாது. அவனவன் எடத்துலேர்ந்து அவனவன் எண்ணைச் சொல்லணும். வால்லேர்ந்து எட்டுன்னு சத்தம் வர்றவரைக்கும் எனக்கு மூச்சே வராதுன்னு எழுதியிருக்கான்."

அவன் போன பிறகும் பிலிப் உட்கார்ந்திருந்தான். தேநீர் ஆறி ஆடை கட்டியது.

அஜ்மல் ஒரு சந்தேகத்தோடு வந்தான். பிலிப்பிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதுவும் சிங்கராயர் மேல்தான்.

மார்ச் மாதக் கடைசியில் ரோஸ்லின் அலுவலகப் பயிற்சிக்காக மந்தலே போனாள். நிலநடுக்கத்தில் அவள் தங்கியிருந்த விடுதியின் நாலு மாடியும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. பிலிப்பும் சிங்கராயரும் மறுநாளே போய்ச் சேர்ந்தார்கள். பத்து நாள் கல்லும் கம்பியும் புரட்டினார்கள். பத்தாம் நாள் வெயிலில் பிலிப் சுருண்டு விழுந்தான். மூன்று நாள் மருத்துவக் கூடாரத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். மாமனார்தான் இடிபாட்டுக்குத் தனியாகப் போய்வந்தார். பிறகு வந்து, "ஒண்ணும் கெடைக்கல, ஊருக்குப் போவோம்" என்றார்.

ஏழு மாதமாகிறது. ரோஸ்லின் வீட்டில் விட்டுப்போன பழைய கைபேசிக்கு, மின்சாரம் வருகிற நேரம் பார்த்து, பிலிப் இன்னும் மின்னேற்றிக்கொண்டிருக்கிறான். மேசை இழுப்பறையில் அவளுடைய தாலிச் சங்கிலி அறுந்து கிடக்கிறது. புறப்படுவதற்கு முந்தின இரவு அறுந்தது. அம்மாவிடம் சொல்லாதே, அபசகுனம் என்று ராத்திரியெல்லாம் அழுவாள் என்றுவிட்டுப் போனாள். வந்து ஒட்டவைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பிலிப் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மாமனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எட்டாவது ஆளுக்கு விட்டது மாதிரி, ரோஸ்லினுக்கும் எதிரே பெயரில்லாமல் ஒரு வரி விட வேண்டும். உடலைப் பார்க்காமல் இறந்தவள் என்று எழுதக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டான்.

"அது வேற, இது வேற. பேரை எழுதணும் தம்பி" என்றார் சிங்கராயர்.

அதிலிருந்துதான் பிலிப் யோசிக்கத் தொடங்கினான். பெற்ற தகப்பனுக்கு ஏன் இந்த அவசரம்? வேறொன்றும் இருந்தது. அத்தை செசிலியா, மகள் காணாமல் போனதும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினார். காணாமல் போனதையெல்லாம் கண்டெடுத்துக் கொடுப்பவர் அந்தோணியார். ஏப்ரல் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பிலிப் போனபோது மெழுகுவர்த்தி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒரு தாய் பாதியில் நிறுத்துகிற வேண்டுதலா அது? கேட்டதற்கு, மெழுகுவர்த்தி விலை ஏறிவிட்டது என்றார். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அலோன் ரோடு நிலையத்தில், நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் ஏறினான். எதிரே ஒரு பெண் அவித்த சோளம் விற்றுக்கொண்டு போனாள். சீருடைக்காரன் ஒருவன் கம்பியில் சாய்ந்து எல்லாருடைய பைகளையும் பார்த்தான். பிலிப்பின் பையில் இரண்டு தாள்கள்தான் இருந்தன. ஆனாலும் இன்சீன் வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தான்.

பட்டறைச் சுவரை ஒட்டிய சந்தில் மாமனார் வீடு. சிங்கராயர் லோஞ்சியும் பனியனுமாக மேசையில் உட்கார்ந்திருந்தார். போன வருடப் பட்டியல், ரோஸ்லின் கையெழுத்தில், ஒரு பக்கம். வெள்ளைத் தாளும் பேனாவும் இன்னொரு பக்கம்.

"நாலு மணிக்குக் கோவில் ஆபீஸ் பூட்டிடுவாங்க. ஒக்காரு. நீதான் எழுதணும். என் கை நடுங்குது" என்றார்.

பிலிப் உட்காரவில்லை. படத்தையும் அறிக்கையையும் பட்டியலின் மேலேயே வைத்தான்.

சிங்கராயர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். எண்பது வருடம் பெயராகவே இருந்தவர்களின் முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறார் என்று பிலிப்புக்குத் தோன்றியது. அதற்காக இரங்கிவிடக் கூடாது என்றும் தோன்றியது.

"எவன் கொடுத்தான் இதை?"

"அதை விடுங்க. ஓங்க அப்பா எட்டாவது ஆளை என்ன பண்ணினாரு?"

"நீயுமா தம்பி?" என்றார் அவர். "சின்னப்புள்ளையில பள்ளிக்கூடத்துல கேட்ட கேள்வி. தலான் மவனே, எத்தனை ரூவாய்க்கு வித்தான் ஒங்கப்பன்னு கேப்பானுங்க. இப்ப மாப்ளை வந்து கேக்குறாரு. செசிலியா, கேட்டியா?"

அடுப்படியில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"சொல்லுங்க மாமா."

சிங்கராயர் சொன்னார். வழக்கமாக இழுத்துப் பேசுகிறவர், கடன் தீர்க்கிறவர்போல வேகமாகச் சொன்னார்.

அந்த விமானம் குண்டு போட வந்ததே இந்தப் பட்டறை மேல்தான். அன்றைக்கு அருளப்பனோடு வேலை பார்த்தவர்கள் பதினோரு பேர் செத்தார்கள். திரும்புகையில் விமானம் அடிபட்டு வடக்கே வயலில் விழுந்தது. ஜப்பான்காரன் நாலு பட்டறை ஆட்களைப் பிடித்துக் குழிவெட்ட அனுப்பினான். அருளப்பன் அதில் ஒருவர். மற்ற மூன்று பேரும் காறித் துப்பிவிட்டு மண்ணைத் தள்ளினார்கள். அருளப்பன் மட்டும் ஒவ்வொரு கழுத்திலும் தடவினார். ஒவ்வொருவன் கழுத்திலும் கயிற்றில் கோத்து இரண்டு வில்லைகள். பெயர், எண், வேதம். இரண்டு பேர் கத்தோலிக்கர். அருளப்பன் ஒரு வில்லையை உடம்போடு விட்டுவிட்டு ஒன்றை அறுத்து மடியில் கட்டிக்கொண்டார். ஏழு உடம்பு, ஏழு வில்லை. அந்த நவம்பரிலேயே, செத்த பதினோரு பேருடைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த கோவிலில், குண்டு போட்டவர்களுக்கும் பூசை கேட்டார்.

"அடிச்சாங்களா?" என்றான் பிலிப்.

"அடிக்காம? சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரன் வந்தான். அப்பா வில்லையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாரு. அவன் கணக்குல எட்டுப் பேரு. எட்டாவது ஆளும் எரிஞ்சு போயிட்டான்னு ஒரு கையெழுத்துப் போடு, முடிச்சிடலாம்னான். அப்பா, நான் பாத்தது ஏழு, பாக்காத சாவுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னாரு. அப்ப நீதான் புடிச்சுக் கொடுத்திருப்பேன்னு சொல்லிட்டாங்க. வேலை போச்சு. அப்பாவோட தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போச்சு. இந்தச் சந்துக்கே தலான் சந்துன்னு பேரு."

"ஒரு பேரை எழுதியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"ஒரு பேருதான். சாமியாரே சொன்னாரு, எழுதிடு அருளப்பா, ஆண்டவருக்குத் தெரியும்னு. எழுதல. எங்கேயாவது உசுரோட நடந்துக்கிட்டு இருக்கிறவனுக்கு எறந்தவன் பூசை வைக்கவான்னு கேட்டாரு. அதனால நம்பரை மட்டும் போட்டு விட்டாரு. சாகும்போது எங்கிட்ட சொன்னதும் அதுதான். பாக்காத சாவை எழுதாதே. நானும் எழுதல. இன்னிக்கு வரைக்கும் எழுதல."

கடைசி வார்த்தை சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

பிலிப்புக்கும் விளங்கிவிட்டது. வெளியே யாரோ ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை இழுத்தும் பிடிக்கவில்லை.

"அப்ப ரோஸ்லின் பேரை எழுதச் சொல்றீங்களே மாமா."

சிங்கராயர் சன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"நீங்க பாத்தீங்களா?"

செசிலியா ஈரக்கையோடு வந்து வாசற்காலில் நின்றார். கணவனைப் பார்த்தார். பிறகு நேராக அந்தோணியார் சுரூபத்துக்குப் போய், பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "போதும். எனக்கு இதுக்கு மேல முடியாது" என்றார்.

துணிக்குள் அலுவலக அடையாள அட்டை. கழுத்தில் மாட்டும் பட்டி பாதியில் வெட்டப்பட்டிருந்தது. படத்தில் ரோஸ்லின் சிரிக்காமல் இருந்தாள். சிரித்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதாக வந்து சொன்னாள்.

பிலிப் அதைத் தொடவில்லை. "இது ரூமுல கெடந்திருக்கும். கல்லோட கல்லா வந்திருக்கும்."

"கழுத்துல இருந்துச்சு தம்பி."

"நீங்க எங்கிட்ட ஏழு மாசம் பொய் சொன்னவரு. நான் எதை நம்புறது?"

"நம்பாதே" என்றார் சிங்கராயர். கோபம் இல்லை அதில்.

பிலிப் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கழுத்துல வேற என்ன இருந்துச்சு?"

"தாலி. கறுப்பு நூல்ல கோத்திருந்தா. சங்கிலி இல்ல. அது மட்டும் எனக்குப் புரியல. யாராவது சங்கிலியைக் களவாண்டுட்டானோன்னு நெனைச்சேன். களவாண்டவன் தாலியை விட்டுட்டுப் போவானா?"

பிலிப் உட்கார்ந்தான். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தான்.

சிங்கராயர் மீதியையும் சொன்னார். ஏப்ரல் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. எடுக்க எடுக்க உடனே எரிக்கக் கொண்டுபோனார்கள். வெயில் அப்படி. சாமியார் கிடையாது, பெட்டி கிடையாது. பிலிப்பைக் கூடாரத்திலிருந்து கூப்பிட்டு வர அரைமணி போதும். கூப்பிடவில்லை. வாயில் வந்த செபத்தைச் சொன்னார். அட்டையின் பட்டியை வெட்டினார்.

"தாலியில நான் கை வைக்கல. அது நீ கட்டினது. அவளோட போயிடுச்சு."

"கூப்பிட்டிருக்கலாம் மாமா."

"கூப்பிட்டிருக்கலாம்."

"மொகம்..."

"கேக்காதே. நீ பாக்கக் கூடாதுன்னுதான் கூப்பிடல. ஊருக்கு வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். நீ வந்த அன்னிக்கே அவ போனை எடுத்துச் சார்ஜ் போட்டே. எப்படிச் சொல்றது? ஒவ்வொரு நாளா தள்ளிப்போச்சு. பட்டியல் வரட்டும், பேரை எழுதும்போது நீயே புரிஞ்சுக்குவேன்னு நெனைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பாவைக் கேட்ட மாதிரி நீ என்னைக் கேட்டியே, என்ன பண்ணினேன்னு. அவரு ஒண்ணும் பண்ணல. நான் பண்ணினேன்."

செசிலியா பட்டியலின் மேலிருந்த படத்தையும் அறிக்கையையும் நகர்த்திவிட்டு, பேனாவைப் பிலிப்பின் பக்கம் உருட்டினார். மணி மூன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

அவன் எழுதினான். ரோஸ்லினின் எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தான். அவள் ளகரத்தைச் சுழித்துப் போடுகிற விதம் ஒவ்வொரு பெயரிலும் இருந்தது. நாற்பத்து மூன்று பெயர் முடிய அரை மணி ஆயிற்று. நாற்பத்து நாலாவது பெயரைப் பார்த்தெழுத ஏதும் இல்லை. அட்டையை அருகில் இழுத்து வைத்துக்கொண்டான். எழுத்தெழுத்தாக அதைப் பார்த்து எழுதினான், தெரியாத பெயரை எழுதுகிறவன்போல.

பிறகு ஏழு வெள்ளைக்காரர்கள். பிறகு எட்டு. அங்கே பேனா நின்றது. அஜ்மல் சொன்ன பெயர் இப்போது அவனுக்குத் தெரியும். தொப்பி இல்லாத அந்த முகமும் தெரியும். சிங்கராயர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிலிப் தாளை மடித்து உறையில் போட்டான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கைபேசி அதிர்ந்தது. அஜ்மல். எட்டாவது ஆள் எங்கே போனான், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தான். பிலிப் நின்றபடியே பதில் போட்டான்: "தெரியாது. நாங்கள் பார்த்தது ஏழு பேரை."

கோவில் அலுவலகத்தில் புது உபதேசியார். சின்ன வயது. உறையைப் பிரித்து விரலை ஓட்டினார்.

"நாப்பத்து நாலு புதுசா இருக்கே. யாரு?"

"என் பொஞ்சாதி."

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். விரல் கீழே இறங்கி நின்றது.

"இங்க எட்டுன்னு போட்டு ஒண்ணும் இல்லையே. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. அந்த நம்பரைச் சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்க" என்றான் பிலிப். "அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போங்க."